வாய்க்கால்ல போன கால் கிலோ

அவரு புஸ்தகத்த பிரிச்சா தவிட்டு வாசனை வரும்.. பக்கத்துக்குப் பக்கம் மெல்லிசா தூசி. ஊதிட்டுத்தான் படிக்கணும்.

எங்க வீட்டுக்காரரு அப்போ களம்பூர்ல ஒரு ரைஸ் மில்லுல கணக்கு எழுதிகினு இருந்தாரு. கூடவே சி.எம்.ஏ. படிப்பு. ஒரு பொருள செய்ய என்ன செலவாகுதுன்னு கணக்கு போடற பெரிய படிப்புங்க அது. லாரிக்கு லோடு ஏத்தற நேரத்துல மூட்டை மேல உக்காந்து படிப்பாரு. நான் ஆரணில தறி போட்டு பொடவ நெய்யறவ. ஆறாவதோட நின்னுட்டேன்.

அவரு போய் இந்த தை வந்தா ஒரு வருஷம்.. அழுது முடிச்சுட்டேன்னு சொல்ல மாட்டேன். ஆனா இன்னிக்கு அலமாரிய ஒழுங்கு பண்ணும்போது அந்த புஸ்தகம் கையில கெடைச்சுது. சிரிப்புதான் வந்துச்சு.

ஒரு பேப்பர்ல மட்டும் ரெண்டு தடவ பெயிலு. மூணாவது தடவைக்கு பீஸ் கட்டிட்டு வந்து, "இதுலயும் போச்சுன்னா எல்லாத்தையும் பழைய பேப்பர் கடைல போட்டுடறேன். மில்லு கணக்கே போதும்"னு சொல்லிட்டாரு. வெளையாட்டுக்கு சொல்லல. அன்னிக்கு சோறு கூட சரியா துன்னல.

எனக்கு பேஜாரா போச்சு. அப்படி எதுதாங்க வரலன்னு கேட்டேன். உனக்குப் புரியாதுன்னாரு.. அப்பறம் அவரே சொன்னாரு. பத்து கிலோ சரக்கு மிஷின்ல போடறாங்களாம், எட்டு கிலோதான் வெளிய வருதாம். கொறஞ்ச ரெண்டு கிலோவ என்ன பண்றதுன்னு கேள்வி.

"நீங்க என்ன பண்ணீங்க?"

"வித்துட்டேன்."

அந்தக் கழிவுக்கு வெல கெடையாதுன்னு கேள்வித்தாள்ல தெளிவா போட்டிருந்தாலும் இவரு கை அதுவா ஒரு வெலைய எழுதிடும். மில்லுல நெல்லு அரைச்சா உமிக்கு ஆள் வரும், தவிட்டுக்கு ஆள் வரும். அங்க எதுவும் வீணா போனதே இல்ல. எழுதிப் பழகின கை..

ஞாயித்துக்கெழம எங்க மாமாகிட்ட இட்டுகினு போனேன். எங்கம்மாவோட தம்பி. நூலுக்கு சாயம் போடறவரு. பட்டு நூல சோப்பும் சோடாவும் போட்டு வேக வெச்சுகினு இருந்தாரு. போடறதுக்கு முன்னாடி ஒரு கிலோ. வெந்து, அலசி, காயற வரைக்கும் எங்க வீட்டுக்காரரு நகரவே இல்ல. திரும்ப தராசுல வெச்சா.. முக்கால் கிலோ.

நோட்ட தொறந்து வெச்சுகினு ரொம்ப மரியாதையா கேட்டாரு. "மீதி கால் கிலோவ யாருங்க மாமா வாங்கறாங்க?"

மாமா வாய்க்கால காட்டினாரு. "நூல்ல இருந்த பசை மாப்ளே. தோ, தண்ணியோட போயிடுச்சு. ஒரு கொடம் மொண்டுகினு போய் வித்துட்டு வா, பாதி உனக்கு."

அங்க இருந்த அத்தன பேரும் சிரிச்சாங்க. இவரும் சிரிச்சாரு. அப்பறம் அந்த வாய்க்காலையே பாத்துகினு நின்னாரு.

நான் சொன்னேன், "போனது போச்சுங்க. அதுக்கு ஆன செலவையும் மிச்சம் இருக்கற நூலு தலையிலதான் ஏத்துவோம்."

"இதத்தான்டி அந்த புஸ்தகம் நாலு பக்கத்துக்கு சொல்லிகினு இருக்குது."

வேலூர்ல போய் பரீட்சை எழுதினாரு. ரிசல்ட் வந்த அன்னிக்கு மில்லுலேர்ந்து பஸ் புடிச்சு நேரா எங்க போனாருன்னு நெனைக்கிறீங்க? வீட்டுக்கு இல்ல.. மாமாகிட்ட! பாஸான சேதி தெரு முழுக்க சுத்திட்டு கடைசிலதான் எனக்கு வந்துச்சு. ரெண்டு நாள் நான் பேசல. மூணாவது நாள் தறி பக்கத்துல வந்து உக்காந்துகினு, மார்க் ஷீட்ல ஒரு பேருக்குத்தான் எடம் வெச்சிருக்காங்க, நான் என்ன பண்ணட்டும்னாரு. போங்கன்னுட்டேன்..

இப்போ எங்க தெருவுலயே நாலு புள்ளைங்க இந்த மாதிரி படிக்குதுங்க. எல்லாம் போன்லயே க்ளாஸ். ஜல்தியா ஓட விட்டு கேக்குதுங்க. கெட்டிக்காரப் புள்ளைங்கதான். ஆனா பெயிலானா மட்டும் கதவ சாத்திக்குதுங்க. அவரு தோத்தது ஊருக்கே தெரியும்.. கூட சிரிக்கவாவது நாலு பேரு இருந்தாங்க.

நேத்து பக்கத்து வீட்டு பொண்ணு மூஞ்சிய தொங்கப் போட்டுகினு வந்துச்சு. அவரு இருந்திருந்தா பேனாவோட ஓடி வந்திருப்பாரு. இல்லையே.. நான்தான் பக்கத்துல உக்காந்தேன்.

எத்தினியாவது தடவன்னு கேக்கல. எந்தக் கணக்கு வரலன்னுதான் கேட்டேன்.