கும்பிடாத கைகள்

படத்துக்கு மேல்பக்கம் எதுவென்று நான் எழுதிவைக்கவில்லை. தப்பு என்னுடையதுதானோ என்று இன்றைக்கும் அவ்வப்போது தோன்றும். எனக்கு எதற்கும் அப்படித்தான். வீட்டைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறினால், பூட்டினேனா என்று பொன்னேரி வரைக்கும் யோசித்துக்கொண்டு போவேன். ஏழாவதோடு படிப்பை விட்டவள். பெரிய இடத்தில் வாயைத் திறந்தால் ஏதாவது தப்பாக வந்துவிடும் என்ற பயம் வேறு.

பழவேற்காட்டு ஏரியில் நாங்கள் வலை போடுவதில்லை. முட்டிபோட்டுக் கழுத்தளவு தண்ணீரில் நகர்வோம். பிடித்த இறாலைப் போடுகிற பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொள்வோம். இரண்டு கையும் அடிச்சேற்றைத் துழாவி இறால் தேடும். கலங்கல் தண்ணீரில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. விரல்தான் பார்க்கும். அந்த விரல் பார்த்ததைத்தான் நான் வரைகிறேன். ஏரிச் சேற்றைப் பசையில் குழைத்து, பிளைவுட் பலகையில், விரலாலேயே. மேலே வாயில் பறியோடு கடுகு மாதிரித் தலைகள். கீழே பலகை முழுக்கப் பெரிய பெரிய கைகள்.

சென்னையில் ஒரு கூடத்தில், இதுவரை யாரும் இடம் கொடுக்காத ஓவியர்களுக்கென்று கண்காட்சி வைத்தார்கள். ஊருக்கே வந்து ஒரு பலகையை வாங்கிப் போனார்கள். திறப்பு நாளன்று நானும் என் நாத்தனாரும் சீக்கிரமே போய்விட்டோம். அவளும் என்னோடு ஏரியில் இறங்குகிறவள்.

படம் தலைகீழாக மாட்டியிருந்தது.

"இன்னா அண்ணி, பறி கவுந்து கீது பாரு. காலைலேர்ந்து புடிச்ச எறாலாம் பூட்ச்சு" என்று காதில் சொன்னாள் நாத்தனார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டையைப் படித்தேன். 'ஒடுக்கப்பட்டவர்களின் கைகள் நீதி வேண்டி வானை நோக்கி உயர்கின்றன.'

சொன்னால் பலகையைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவார்களோ. எங்கள் பக்கத்துப் பெண்கள் யாரையும் அப்புறம் கூப்பிடவே மாட்டார்களோ. சொல்லாமல் விட்டாலோ, வருகிற அத்தனை பேரும் நான் கையேந்தி நிற்பதாகப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஏரியில் நான் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. என் கையால் எடுத்திருக்கிறேன்.

ஏற்பாடு செய்த பெண் வந்தாள். என்னைவிடச் சின்னவள், நல்ல மாதிரி.

"மேடம், படம் தலகீழா மாட்டிக்கீது."

"அப்படியாக்கா? ஆனா இப்படிப் பாத்தா எவ்ளோ பவர்ஃபுல்லா இருக்கு பாருங்க. நேத்து மாட்டறப்ப பாத்தவங்க எல்லாம் இது முன்னாடிதான் நின்னாங்க."

"அது கேக்கற கை இல்ல மேடம். எறா புடிக்கிற கை."

"பாக்கறவங்க அவங்கவங்க அர்த்தத்தை எடுத்துப்பாங்கள்ல அக்கா."

"எடுத்துக்கட்டும். நேரா மாட்னப்பறம் எடுத்துக்கட்டும்."

என் வாயிலிருந்துதான் வந்தது. கம்பியெல்லாம் அந்தப் பக்கம் அடித்தாயிற்று, மாட்டுகிற ஆள் சாப்பிடப் போயிருக்கிறான், திறக்க ஒரு மணி நேரம்தான் இருக்கிறது, உங்களுக்காகத்தானே இவ்வளவும் செய்கிறோம், அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

"அப்ப கழட்டிக் குடுங்க. எட்த்துனு போறோம்."

அவள் படத்தைப் பார்த்தாள், பிறகு படம் போனால் வெறுமையாகிவிடும் சுவரைப் பார்த்தாள். அதற்குள் நாத்தனார் ஸ்டூலை இழுத்துவந்துவிட்டாள். படத்தை இறக்கினோம். சோற்றுத் தூக்கைக் கட்டிவந்த நைலான் கயிற்றை அவிழ்த்து, பலகையின் பின்சட்டத்தில் மேல்பக்கமாகக் கட்டி, இரண்டு பேருமாகத் தூக்கி மாட்டினோம். கொஞ்சம் சாய்ந்துதான் நின்றது. ஆனால் கைகள் தண்ணீருக்குள் இருந்தன.

அந்தப் பெண் அட்டையைத் தானே கிழித்தாள். "வேற என்னக்கா எழுதட்டும்?"

"எம் பேர எழுதுங்க. அதுக்குக் கீழ, எறா புடிக்கிறோம்னு எழுதுங்க."

"எங்க அண்ணி பேருனா சும்மாவா?" என்றாள் நாத்தனார், ஸ்டூலை விட்டு இறங்காமலே.

இப்போதெல்லாம் பலகையைக் கொடுக்கும் முன்பே கயிற்றை நான் கட்டிவிடுகிறேன். பறிக்குப் போடுகிற முடிச்சு; இழுக்க இழுக்க இறுகும். தலைகீழாக மாட்ட வேண்டுமென்றால் அறுக்கத்தான் வேண்டும். அறுத்துவிடுவார்களோ என்ற கவலை எனக்கு இல்லாமலில்லை. அதனால் சென்னைக்குப் போகும்போதெல்லாம் பையில் இன்னொரு கயிறு வைத்திருக்கிறேன்.