பிஸ்கட் டின்னில் வந்த அழைப்புப் பாட்டு

கந்தப்பன் அண்ணன் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில்தான் குடியிருந்தார். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டப் போகிறவர். ஆனால் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டங்களில் உடுக்கைக்காரர் என்றால்தான் தெரியும். மாரியம்மன் திருவிழாவில் அம்மனை அழைக்கும் பாட்டை வருடா வருடம் அவரே புதிதாகக் கட்டுவார். அந்தப் பாட்டுக்கு அவர் மனைவி சண்முகவடிவு அக்கா மேல் அம்மன் இறங்கும். இறங்கியதும், "யாருடா கூப்பிட்டது? எதுக்குடா கூப்பிட்டே?" என்று கேட்கும். பாட்டுக் கட்டியவர் பதில் சொன்னால்தான் மலையேறும். "நாந்தான் தாயே. புள்ளகுட்டிகளக் காப்பாத்தணும்" என்பார் அண்ணன்.

அறுபத்தொன்றில் அப்படிக் கேட்டுத் திருவிழா முடிந்த கையோடு, அவர்களுடைய ஒரே பெண் பூரணி காய்ச்சலில் போய்விட்டாள். அண்ணன் அழவில்லை. அக்கா எலும்பும் தோலுமாகிவிட்டாள். அடுத்த திருவிழாவுக்குக் காப்புக் கட்டியாகிவிட்டது. அண்ணனுக்குப் பாட்டில் ஒரு அடிகூட வரவில்லை.

கணக்கப்பிள்ளை அழகன் பேப்பர் படிக்கிறவர். "சீமையில ஒரு மிசினு பாட்டுக் கட்டுதாம்ண்ணே. சொல்லுகள உள்ள போட்டா அதுவே கோத்துக் குடுத்துருதாம். சோறு வேணாம், வெத்தல வேணாம்" என்று சிரித்தார்.

"உடுக்கு அடிக்குமா?"

"அத நீங்க அடிங்கண்ணே!"

அழகனே அண்ணனின் பழைய பாட்டடிகளைத் துண்டுத் தாள்களில் எழுதி, பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கினார். அண்ணன் எடுக்க எடுக்க வரிசையாக வாசித்தார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. முன்பு கட்டியதையெல்லாம்விட நன்றாக இருந்தது.

"சாமி காரியம்ண்ணே, வேணாம்" என்றேன்.

"வேற என்னா செய்யச் சொல்ற, தங்கச்சி?"

பொழுது சாயும் நேரம், கோயில் வாசலில் அந்தப் பாட்டைப் பாடினார். அம்மன் இறங்காது என்றுதான் நினைத்திருந்தேன். இறங்கிவிட்டது. அதுதான் எனக்கு முதல் பயம்.

"யாருடா கூப்பிட்டது?"

அண்ணன் வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டு உடுக்கையையே அடித்தார்.

"எதுக்குடா கூப்பிட்டே?"

"சொல்லுய்யா! வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். முகம் வெளுத்துப்போன அழகன் முன்னால் ஓடி, "நாந்தான் தாயே" என்றார். அம்மன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. ஆட்டம் நிற்கவில்லை. அக்காவின் உதடு கறுத்துக்கொண்டு வந்தது. தாங்கிப் பிடித்தேன், அவள் கை ஐஸாக இருந்தது.

"அண்ணே, அக்கா செத்துப் போயிருவாங்கண்ணே!"

அண்ணன் உடுக்கையைக் கீழே வைத்தார்.

"நான் கூப்பிடல. டின்னுல வந்தத எடுத்துப் பாடினேன். ஒன்னயக் கூப்பிட எனக்கு மனசே வரல. வருசா வருசம் கேட்டேனே, எம்புள்ளய ஏன் காப்பாத்தல? இப்பத்தான் கூப்பிடுறேன். நாந்தான் கூப்பிடுறேன். இவள மட்டும் எங்கிட்ட விட்டுட்டுப் போ."

அம்மனிடம் யாரும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. கண் அவிந்துவிடும் என்று பயந்து கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அக்கா என் மடியில் சரிந்தாள். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது.

அக்கா மெல்லக் கண் திறந்தாள். "என்னங்க, ஏன் இப்புடி அழுவுறீங்க?" என்றாள், தன் சொந்தக் குரலில்.

"பூரணி..." என்றார் அண்ணன். அக்கா அவர் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "பொறுத்துக்க தாயே, பொறுத்துக்க தாயே" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன்.