மூன்று பேரைக் கிடத்தி ஒருத்தியை வளர்த்தது

சாந்தகுமாரி டெல்லிக்கு வந்தது ஐ.ஏ.எஸ். ஆவதற்கு. புசா ரோட்டுக்குப் பின்னால், எதிரே ஆள் வந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டிய ஒரு சந்தில், மூன்றாவது மாடியில் அறை. வந்த புதிதில் அந்தச் சந்திலிருந்த தமிழ்ப் பிள்ளைகளில் பாதிப்பேர் அவளைவிட மூத்தவர்கள். இப்போது எல்லாரும் அவளை அக்கா என்றார்கள். யாராவது புதிதாக அப்படிக் கூப்பிடும்போதுதான் எத்தனை வருஷம் ஓடிவிட்டது என்பது அவளுக்கு உறைக்கும். ஊர் ஒட்டன்சத்திரம். அப்பாவுக்கு மார்க்கெட்டில் தக்காளி மண்டி. அம்மா போனில் முன்பெல்லாம் "ரிசல்ட்டு எப்பம்மா" என்று கேட்பாள். பிறகு பிறகு "சாப்பிட்டியா" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

அறையில் கூட இருந்தவர்கள் இரண்டு பேர். வசுமதி அறந்தாங்கிக்காரி, அதே பரீட்சைக்குப் படிப்பவள், சாந்தகுமாரியைவிட நன்றாக இளையவள். மானசாவுக்கும் பரீட்சைக்கும் சம்பந்தமில்லை. டெல்லியிலேயே பிறந்து மோதி பாக் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா ரிட்டயராகி வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போனபோது, வேலையை விட மனமில்லாமல் இங்கே வந்து சேர்ந்தாள். நொய்டாவில் ஒரு டி.வி. சேனலில் கிராபிக்ஸ் செய்கிறாள். தமிழ் பேசுவாள், படிக்க வராது.

அந்த விளையாட்டு மானசாவின் லேப்டாப்போடு வந்தது. நாலு பேர் கொண்ட ஒரு கூட்டம். அதற்குப் பார்ட்டி என்று பெயர். வாள் பிடித்தவன் ஒருவன், கேடயம் பிடித்தவள் ஒருத்தி, ஒரு மருத்துவச்சி, ஒரு மந்திரக்காரி. இவர்களைக் காடு, குகை, பாழூர் என்று கூட்டிக்கொண்டு அலைய வேண்டும். எதிர்ப்படுகிற பூதம் பிசாசுகளை அடித்தால் அனுபவப் புள்ளி. புள்ளி சேர்ந்தால் லெவல் ஏறும். லெவல் ஏறினால் பலமும் புது வித்தையும் வரும். கடைசியில் கருங்கோட்டைக்குள் போய் அங்கே இருக்கிற ராஜாவைக் கொல்ல வேண்டும். அவ்வளவுதான் கதை.

மானசா எல்லாவற்றிலும் ஜல்தி. லெவல் போதாமலே ஆற்றைக் கடந்துவிடுவாள். அக்கரையில் நிற்கும் மரப்பூதம் நாலு பேரையும் நசுக்கிவிடும். மறுபடி முதலிலிருந்து. பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த சாந்தகுமாரி ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டாள்.

"அந்த மருத்துவச்சி மட்டும் ஏன் ஏறவே மாட்டேங்கறா?"

"அவ முதல்லயே விழுந்துடுவாக்கா. சண்டை முடியறப்போ யாரு நிக்கறாங்களோ அவங்களுக்குத்தான் பாயிண்ட்."

"புள்ளி இல்லேன்னா இன்னும் பலவீனமாத்தானே ஆவா? அடுத்த சண்டையில இன்னும் சீக்கிரம் விழுவா. உன்னைக் காப்பாத்த வேண்டியவ அவதானே."

மானசா லேப்டாப்பை அவள் பக்கம் தள்ளிவிட்டாள். "நீங்களே ஆடுங்கக்கா."

சாந்தகுமாரி அடிக்கவில்லை, முதலில் படித்தாள். விளையாட்டுக்குள்ளேயே ஒவ்வொரு வித்தைக்கும், ஒவ்வொரு பிசாசுக்கும் விளக்கம் இருந்தது. மானசா ஒருநாளும் திறந்து பார்க்காத பக்கங்கள். பாடத்திட்டம் படிக்கிற மாதிரி வரி விடாமல் படித்ததில் ஒன்று அகப்பட்டது: செத்து எழுந்து நடமாடுகிறவர்களுக்கு மருந்து மந்திரம் நெருப்பு மாதிரி. ஆற்றுக்கு இக்கரையில் ஒரு சதுப்பு நிலம் இருந்தது. அதில் செத்தவர்கள்தான் உலவினார்கள். மற்ற மூவரையும் முகாமில் விட்டுவிட்டு மருத்துவச்சியைத் தனியாக அங்கே அனுப்பினாள். காயத்தை ஆற்றுகிற அதே மந்திரத்தால் அவள் பிணங்களை எரித்தாள். பங்கு போட ஆளில்லாததால் புள்ளி முழுக்க அவளுக்கே. சதுப்பை விட்டு வெளியே வந்து திரும்ப நுழைந்தால் பிணங்கள் மறுபடி எழுந்து நிற்கும். அந்த வாரம் முடிவதற்குள் மருத்துவச்சி வாள்காரனைத் தாண்டிவிட்டாள். மரப்பூதம் ஒரே சண்டையில் சாய்ந்தது.

"கமால், அக்கா," என்றாள் மானசா. அசந்துபோனால் அவளுக்கு இந்திதான் வரும்.

அதிலிருந்து சாயங்காலச் சமையல் ஆனதும் ஒரு மணி நேரம் விளையாட்டு என்று ஆகிவிட்டது. வசுமதியும் புத்தகத்தை மூடிவிட்டு வந்து உட்காருவாள். சாந்தகுமாரியிடம் எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருந்தது. நம்மைவிடக் கொஞ்சம் பெரியவனைத்தான் தேடிப்போய் அடிக்க வேண்டும். சின்னதை எத்தனை அடித்தாலும் புள்ளி தேறாது, ரொம்பப் பெரியதிடம் போனால் பிழைக்க முடியாது. கிடைத்த பலத்தை உடனே செலவழிக்கக்கூடாது, அடுத்த இடத்தில் என்ன தேவைப்படும் என்று தெரிகிறவரை கையில் வைத்திருக்க வேண்டும். செத்தவரை எழுப்புகிற வித்தை வராமல் புது நாட்டுக்குள் கால் வைக்கக்கூடாது. அவள் சொன்ன எதுவும் பொய்த்துப் போகவில்லை. பரீட்சையில் அப்படி இல்லை. அங்கே எவ்வளவு ஏறியிருந்தாலும் ஒரு வருஷம் தவறினால் அடுத்த வருஷம் தரையிலிருந்து, முதல் வினாத்தாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒருமுறை நேர்முகத் தேர்வு வரை போய்வந்தவள் அவள். மறுவருஷம் முதல் கட்டத்திலேயே நின்றுவிட்டாள். விளையாட்டில் ஏறிய லெவல் இறங்குவதில்லை. அது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வெளியே சொல்லிக்கொள்ளவில்லை.

ஏழடுக்குக் கோபுரம் ஒன்று வந்தது. நாலு பேரும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். உள்ளே இருந்தவர்கள் மந்திரத்துக்கு மட்டுமே மசிந்தார்கள். வாளும் கேடயமும் அங்கே செல்லாக்காசு. சமமாக வளர்த்துக்கொண்டே போனால் கோடை வந்துவிடும் என்று தோன்றியது. சாந்தகுமாரி யோசித்து ஒரு வழி சொன்னாள்: ஒவ்வொரு சண்டையிலும் மூன்று பேரைத் தரையில் கிடக்கவிட்டு மந்திரக்காரி மட்டும் நிற்க வேண்டும். புள்ளி அத்தனையும் அவளுக்குப் போகும்.

"வேணும்னே சாக விடணுமா?" என்றாள் வசுமதி.

"அப்புறம் எழுப்பிக்கலாம். முதல்ல ஒருத்தியாவது மேல போகட்டும்."

மந்திரக்காரி கிடுகிடுவென்று ஏறினாள். ஏழாவது அடுக்கை ஒற்றை ஆளாகக் காலி செய்தாள். கோபுரத்தின் உச்சியில், காலடியில் மூன்று பேர் கிடக்க, அவள் கோலை உயர்த்திக்கொண்டு நின்றாள்.

அந்த வருஷம் முதல் கட்டத் தேர்வை வசுமதியும் சாந்தகுமாரியும் எழுதினார்கள். வசுமதி தேறினாள். சாந்தகுமாரி தேறவில்லை. பட்டியலைப் போனில் பார்த்துவிட்டு, குக்கரில் விசில் வருகிறதா என்று எழுந்து போய்ப் பார்த்தாள். சாப்பிடும்போது சொன்னாள்.

"வசு, இனிமே நீ படிக்கறதைத் தவிர வேற எதையும் தொடாதே. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்."

"உங்களுக்கு அடுத்த வருஷம் கடைசி சான்ஸ்தானேக்கா. அதுக்கப்புறம் வயசு தாண்டிடுமே."

"அது மே மாசந்தானே. நாள் கிடக்கு."

சொன்னதைச் செய்தாள். சமையல், துணி, தண்ணீர் லாரி வரும்போது பக்கெட்டோடு கீழே ஓடுவது, பேப்பரில் வேண்டியதைக் குறித்து வைப்பது எல்லாம் அவள். வசுமதி எழுதுகிற பதில்களைத் திருத்தி, "முடிவுரை நீளுது, வெட்டு" என்று ஓரத்தில் எழுதினாள். வசுமதியின் அம்மா போன் செய்தால்கூட இவள்தான் எடுத்துப் பேசினாள். இரண்டாம் கட்டமான மெயின்ஸ் நடந்த நாட்களில் பரீட்சைக்கூடத்து வாசலில் தயிர்சாத டப்பாவோடு நின்றாள். வசுமதி அதிலும் தேறி நேர்முகத் தேர்வுக்கு அழைக்கப்பட்டாள். சந்தில் எல்லாரும் சாந்தகுமாரிக்குத்தான் கைகொடுத்தார்கள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் பார்ட்டி கருங்கோட்டையை எட்டியது. கோட்டைக்கு நாலு வாசல். ஒவ்வொரு வாசலிலும் ஒருவர் தனியாக நுழைந்து, காவல் நிற்பவனைச் சாய்த்தால்தான் நடுவில் ராஜாவின் அறை திறக்கும். மந்திரக்காரி தன் வாசலைக் கண்மூடித் திறப்பதற்குள் முடித்தாள். மற்ற மூவரும் முதல் அடியிலேயே விழுந்தார்கள்.

மானசா சிரித்துவிட்டாள். "போச்சு. விடுங்கக்கா, நியூ கேம் போட்டு முதல்லேருந்து ஆடலாம்."

"வேண்டாம். மூணு பேரையும் ஏத்திடலாம்."

அவர்களைத் திரும்பச் சதுப்பு நிலத்துக்குக் கூட்டிப்போனாள், அங்கிருந்து காட்டுக்கு, குகைக்கு. மெதுவாகத்தான் ஏறினார்கள். மானசா ஆபீஸுக்கு வேறு லேப்டாப் எடுத்துப்போவாள். இது பகலெல்லாம் அறையில் சும்மா கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே புகைமூட்டத்தில் சந்துமுனை தெரியாது. வசுமதி லைப்ரரிக்குப் போயிருப்பாள். சாந்தகுமாரி கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தன் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, லேப்டாப்பைத் திறப்பாள். இன்னும் ஒரு லெவல், பிறகு படிக்கலாம். அந்த ஒரு லெவலும் ஏறும். வேறு எதுவும் அவள் சொன்னபடி அசையாத அந்த நாட்களில் அது மட்டும் அசைந்தது.

நேர்முகத் தேர்வன்று இருவரும் ஷாஜகான் ரோட்டிலுள்ள தேர்வாணையத்துக்கு ஆட்டோவில் போனார்கள். வசுமதி பருத்திப் புடவை கட்டியிருந்தாள். மடிப்பு கலையாமல் இருக்க சாந்தகுமாரி வழியெல்லாம் தலைப்பைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வெளியே வந்ததும் வசுமதி, "நல்லாத்தாங்க்கா போச்சு," என்றாள். திரும்பும்போது தலைப்பைத் தானே சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஏப்ரலில் கடைசிப் பட்டியல் வந்தது. வசுமதியின் பெயர் இல்லை. மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் சாந்தகுமாரி தேடினாள். வசுமதி தேடவில்லை, படுக்கையில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டொரு நாள் கழித்து மொட்டைமாடியில் துணி எடுக்கும்போது வசுமதி வந்து நின்றாள்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்கள்ல?"

"சொல்லு."

"மெயின்ஸ் எழுதறப்பவே எனக்கு இது வேண்டாம்னு ஆயிடுச்சுக்கா. கை பாட்டுக்கு எழுதுது. இது கிடைச்சு நான் என்ன பண்ணப்போறேன்னு உள்ள ஓடுது. ஊர்ல ஏதாவது ஸ்கூல்ல டீச்சரா இருந்தாப் போதும்னு தோணிச்சு."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல."

"எப்படிச் சொல்ல? வெளிய வந்தா நீங்க டப்பாவோட நிக்கறீங்க." வசுமதி கொடியில் இருந்த ஒரு கிளிப்பைக் கழற்றி மறுபடி மாட்டினாள். "ஏன் இந்த சர்வீஸுக்கு வரணும்னு இண்டர்வியூல கேட்டாங்க. நீங்க எழுதிக் குடுத்த பதில் அப்படியே ஞாபகம் இருந்துச்சு. வாயில வரலை."

சாந்தகுமாரி துணிகளை ஒவ்வொன்றாக மடித்தாள். இவளுக்காகத்தான் தன் படிப்பை விட்டோமா என்று மனசு கேட்டது. அதற்கு அவளால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. வசுமதி லைப்ரரியில் இருந்த பகல்களில் தன்னைப் படிக்க வேண்டாம் என்று தடுத்தவர் யாருமில்லை.

"எப்ப ஊருக்குப் போறே?" என்று கேட்டாள்.

"தட்கால் கிடைச்சா வர்ற வாரம்."

மே மாதம் தன் கடைசித் தேர்வைச் சாந்தகுமாரி துவாரகா பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எழுதினாள். மின்விசிறி அனல்காற்றைத் தள்ளியது. தாளைப் புரட்டும்போதே தெரிந்துவிட்டது. தெரியாத கேள்விகள் இல்லை. ஒரு காலத்தில் தெரிந்து இப்போது கைநழுவிப்போன கேள்விகள். மத்தியானத் தாள் எழுதாமலே திரும்பியிருக்கலாம். எழுதினாள்.

மானசாவுக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு, "ஒரு தடவை கோட்டையைப் பாத்துடலாம்கா," என்று லேப்டாப்பை விரித்தாள். மூன்று பேரும் அதற்குள் ஏறியிருந்தார்கள். வாள்காரனின் வாசல் திறந்தது. கேடயக்காரி தடுமாறித்தான் ஜெயித்தாள். மருத்துவச்சி தன் வாசலில் நின்றவனைச் சத்தமில்லாமல் முடித்தாள். ராஜா நாலு பேர் முன்னால் அதிக நேரம் தாங்கவில்லை. கோட்டை இடிந்தது, வானம் வெளுத்தது, விளையாட்டைச் செய்தவர்களின் பெயர்கள் மேலே மேலே ஓடின.

"இனிமே என்ன?" என்றாள் சாந்தகுமாரி.

"அவ்ளோதான், முடிஞ்சுது. எல்லாரும் கடைசி லெவல்ல இருக்காங்க பாருங்க. இதுக்கு மேல ஏத்த முடியாது."

பெயர்கள் ஓடி முடிகிற வரை சாந்தகுமாரி பார்த்துக்கொண்டிருந்தாள். மானசா சூட்கேஸில் துணி அடுக்கப் போய்விட்டாள். மறுநாள் காலையில் லேப்டாப்பும் போயிற்று.

தேர்வு முடிவு அவள் நினைத்த மாதிரியே வந்தது. வயது வரம்பும் அந்த ஆகஸ்டோடு தாண்டியது. பக்கத்துத் தெருக் கோச்சிங் சென்டரில் பதில் திருத்துகிற வேலைக்குச் சேர்ந்தாள். அறைக்குப் புதிதாக இரண்டு பெண்கள் வந்தார்கள், சேலத்திலிருந்து ஒருத்தி, நாகர்கோவிலிலிருந்து ஒருத்தி. வந்த அன்றே அக்கா என்றார்கள். எந்தப் புத்தகம், எந்த டெஸ்ட் சீரிஸ் என்று கேட்டார்கள்; கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். கூடச் சேர்ந்து சமைக்கிறீர்களா என்று கேட்டபோது, தனக்கு நேரம் சரிப்படாது என்றாள்.

வசுமதி அறந்தாங்கியிலேயே ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் சேர்ந்திருந்தாள். பொங்கலுக்குப் போன் செய்தாள். பின்னால் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. "ஊருக்கு வந்துடுங்கக்கா, இங்க எங்க ஸ்கூல்லயே சொல்றேன்," என்றாள். பார்க்கலாம் என்று சாந்தகுமாரி சொன்னாள். அம்மாவும் அதையே வேறு விதமாகச் சொன்னாள்: "வீடு இருக்குதும்மா, வா." அங்கே போய் மண்டிக்கு வருகிறவர்கள் முகத்தில் விழிப்பதை நினைத்துப் பார்த்தாள். வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை இட்லி அரிசி வாங்க மெட்ரோ பிடித்து ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போனாள். கடைக்காரர் குழந்தைசாமிக்கு அவளை அவள் டெல்லி வந்த வருஷத்திலிருந்து தெரியும். அரிசியை அளந்தபடியே கேட்டார்.

"என்னம்மா, இந்த வருஷ ரிசல்ட்டு வந்துடுச்சா?"

"இன்னும் வரலைங்க."

"வந்துடும், வந்துடும்," என்றார் அவர். பையின் வாயைச் சணலால் கட்டிக்கொடுத்தார். புளி புதிதாக வந்திருக்கிறது, பார்க்கிறீர்களா என்றார். சாந்தகுமாரி ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, கால் கிலோ போதும் என்றாள்.