பாதைக்கு நன்றி

சிவப்புப் பென்சில் தேவாலயத்தின் பின்வாசலில் தொடங்கி, வயலின் மூலையைத் தொட்டு, பாதி வழியில் நின்றுவிட்டது. விரல்கள் அதைக் கீழே வைத்தன. அழிப்பானை எடுத்து, வரைந்ததில் பாதியை அழித்தன. தூளைப் புறங்கையால் தள்ளிவிட்டு மறுபடி பென்சிலைப் பிடித்தன. பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தோரு வருடம் உருளைக்கிழங்குத் தோல் சீவிய விரல்கள் அவை. கத்தியை எங்கே நிறுத்த வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியும். பென்சிலை எங்கே திருப்ப வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

வரைபடத்தில் அந்த வயல் உள்ளங்கை அகலம்கூட இல்லை. அதன் நடுவே ஒரு புள்ளி, ஓக் மரம். நடந்தது மரத்துக்கு வலப்புறமா, இடப்புறமா? முதல் தாளில் வலப்புறம் வரைந்தாகிவிட்டது. இரண்டாம் தாளில் இடப்புறம். இது மூன்றாம் தாள். ‘நீங்கள் உண்மையாக நடந்த வழியை மட்டும் வரையவும்’ என்று கவுன்சில் படிவத்தின் தலைப்பில் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

அறுபத்தாறு வயது ஹிலரி டாப்ஸ்காட், இருபத்துமூன்று வருடமாக, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, அந்த வயலின் குறுக்கே ஆட்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். தேவாலயத்தில் நாவலாசிரியை மிஸ் டெவெரல் உட்கார்ந்த பெஞ்சு, அவர் நாவலில் வரும் ஓக் மரம், கடைசியில் ஓடைக்கரையில் அவர் ஏழு நாவல்களை எழுதிய மரக்குடில். மொத்தம் ஒன்றரை மணி நேர நடை. ஒவ்வொரு நடைக்கும் தேதி, மழையா வெயிலா, எத்தனை பேர், எத்தனை நாய் என்று நோட்டில் குறித்து வைத்திருக்கிறாள். நோட்டுகள் ஒன்பது சேர்ந்துவிட்டன. அவற்றில் எதிலும் மரத்துக்கு எந்தப் பக்கம் என்று எழுதவில்லை.

வயலுக்குச் சொந்தக்காரரான வில்ஃப் கூம்ப்ஸ் போன இலையுதிர்காலத்தில் இறந்துபோனார். பிரிஸ்டலில் இருக்கும் மகன் விற்றுவிட்டான். வாங்கிய ஆஷ்கிராஃப்ட் லண்டன்காரர். ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் நடுவில் ஒரு தினுசாக இருக்கும் அல்பாக்காக்களை வாங்கி அதில் மேயவிட்டார். நாய்கள் அவற்றைத் துரத்தும் என்று மார்ச் மாதம் கேட்டுக்குப் பூட்டு விழுந்தது. வயல் இல்லாவிட்டால் குடிலுக்குப் போக நெடுஞ்சாலையில் இரண்டு மைல் சுற்ற வேண்டும். ஓரத்தில் நடைபாதை கிடையாது. பால் லாரிகள் உரசிக்கொண்டு போகும். ஹிலரியோடு நடக்க வருகிறவர்களில் பாதிப்பேர் எழுபதைத் தாண்டியவர்கள். வயல் போனால் நடையும் போயிற்று.

அதைத் தடுக்க ஒரே வழி, அது பொதுப்பாதை என்று கவுன்சிலில் பதிவு செய்வது. கவுன்சிலில் பாதைகளைப் பார்த்துக்கொள்ளும் ராவ்லின்ஸ் ஊர்க் கூடத்துக்கு வந்து சட்டத்தை விளக்கினார். மெலிந்த மனிதர், சட்டைப்பையில் நான்கு பேனா.

"இருபது வருஷம் ஜனங்க அந்த வழியில நடந்திருக்கணும். கேட்டை உடைச்சுப் போயிருக்கக் கூடாது. ஒளிஞ்சு மறைஞ்சும் போயிருக்கக் கூடாது. முக்கியமா, சொந்தக்காரர் அனுமதி குடுத்துப் போயிருக்கக் கூடாது" என்றார்.

ஹிலரி கை தூக்கினாள். அனுமதி கேட்பது நல்ல பழக்கம்தானே என்று கேட்டாள்.

"நல்ல பழக்கம்தான் மேடம். ஆனா அவர் குடுத்தாருன்னா அவர் திருப்பி வாங்கிக்கலாம். நீங்க பாட்டுக்கு நடந்தாத்தான் அது உங்களுது."

அன்றிலிருந்து ஹிலரிக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் சமையலறையில் ‘தயவுசெய்து’ சொல்லாத பிள்ளைக்குக் கஸ்டர்ட் கிடையாது. முப்பத்தோரு வருடத்தில் அந்த ஊரில் பாதிப்பேருக்கு அவள்தான் அந்த வார்த்தையைக் கரண்டியோடு சேர்த்து ஊட்டியவள். இப்போது சட்டம் என்ன சொல்கிறது? மரியாதை தெரியாத முரடனாக நடந்திருந்தால் ஜெயித்திருப்பாய் என்கிறது.

அவள் நடந்தது அப்படியல்ல. நடை தொடங்கியதே தற்செயல். நாவல் படித்துவிட்டு வந்த ஹாலந்து அக்கா தங்கை இருவர், குடிலுக்கு வழி கேட்டார்கள். ஹிலரி ஓடைக்கரைக்கு முள்புதரில் பிளாக்பெர்ரி பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள். அவர்களையும் கூட்டிக்கொண்டு போனாள். வழியில் அவர்கள் கேட்ட எதற்கும் அவளுக்குப் பதில் தெரியவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. நூலகத்தில் உட்கார்ந்து ஒரு குளிர்காலம் முழுக்க மிஸ் டெவெரலின் கடிதங்களைப் படித்துக் குறிப்பெடுத்தாள். நாவல்களில் மூன்றாவதை மட்டும்தான் அவளால் முடிக்க முடிந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. வசந்தத்தில் முதல் நடை. முடிந்ததும் மனசு கேட்கவில்லை. அடுத்தவர் வயலில் பதினோரு பேரை நடத்திவிட்டோமே என்று, அந்த ஜனவரியில் ஆரஞ்சைத் தோலோடு காய்ச்சிப் போட்ட மார்மலேடில் ஒரு புட்டியை வில்ஃப் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தாள். வருடம் தவறாமல் வைத்தாள். ஒவ்வொரு புட்டியிலும் ஒரே வாசகம்: ‘வில்ஃபுக்கு, பாதைக்கு நன்றி, ஹிலரி.’

படிவத்தில் பதினான்காம் கேள்வி: ‘உரிமையாளரிடம் எப்போதாவது அனுமதி கேட்டீர்களா, அல்லது பெற்றீர்களா? விவரம் தருக.’ மரத்துக்கு எந்தப் பக்கம் நடந்தோம் என்பதைவிட இந்தக் கேள்விதான் அவளைப் போட்டு உலுக்கியது. அவள் கேட்கவில்லை. அவர் கொடுக்கவும் இல்லை. ஆனால் கொடுக்காததற்கு யாராவது இருபத்துமூன்று வருடம் நன்றி சொல்வார்களா?

கிளைவ் ஹாரப் வந்தபோது அவள் மூன்றாம் தாளையும் பாதி அழித்திருந்தாள். கிளைவ் ஓய்வு பெற்ற தபால்காரன். நடைகளில் கூட்டத்தின் வால்பக்கம் வருகிறவன். பின்தங்குகிற கிழவிகளிடம் கதை பேசி நகர்த்திக்கொண்டு வருவான். மிஸ் டெவெரல் எழுதிய ஒரு வரிகூடப் படித்ததில்லை, அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வான். கேட்காமலேயே கெட்டிலைப் போட்டான்.

"மார்மலேட் கதையை அதுல எழுதிடாதே" என்றான்.

"கேள்வி கேட்டிருக்காங்களே."

"அனுமதி கேட்டியான்னு கேட்டிருக்காங்க. மார்மலேட் குடுத்தியான்னு கேக்கல. நான் நாப்பது வருஷம் தபால் குடுத்தேன். கிறிஸ்துமசுக்கு ஊரே எனக்கு விஸ்கி குடுத்துச்சு. அதுக்காக நான் அனுமதி குடுத்துத்தான் அவங்க வீட்டுல அவங்க குடியிருந்தாங்கன்னு ஆயிடுமா?"

ஹிலரி யோசித்துப் பார்த்தாள். அது சரிபோலவும் இருந்தது, எங்கோ இடறுவது போலவும் இருந்தது. கிளைவ் பேசுகிற எல்லாமே அப்படித்தான்.

"ஆஷ்கிராஃப்ட் வந்தார்" என்றாள்.

வந்தது நேற்று. கையில் சாவியோடு வந்தார். வாட்டசாட்டமான மனிதர், சேறு படாத புது பூட்ஸ். உங்கள் நடையைக் கெடுக்க எனக்கு மனசில்லை, சனிக்கிழமை நீங்கள் கூட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு மட்டும் கேட்டைத் திறந்து விடுகிறேன், ‘அனுமதிக்கப்பட்ட பாதை’ என்று நானே ஒரு பலகை வைக்கிறேன் என்றார். சாவியை மேசையில் வைக்கப் பார்த்தார். அவள் கேக் வெட்டிக் கொடுத்தாள். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். அதுதான் அவளை மேலும் குழப்பியது.

"சாவியை வாங்கிட்டியா?"

"வாங்கல. யோசிச்சுச் சொல்றேன்னேன். வாங்காம விட்டதுக்கு மன்னிப்புக் கேட்டேன்."

"மகராசி" என்று கிளைவ் தலையில் அடித்துக்கொண்டான். "பூட்டு போட்டவன்கிட்ட மன்னிப்பு. அடுத்த வருஷம் அவருக்கும் ஒரு புட்டி வெச்சிடு."

 உண்மையில் அப்படி ஒரு நினைப்பு அவளுக்கு வந்திருந்தது.

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. கோட்டை எப்படித்தான் வரைவது என்று கிளைவைக் கேட்டாள். அவனுக்கும் தெரியவில்லை, அவன் எப்போதும் முன்னால் போகிறவர்களின் முதுகைத்தான் பார்த்திருக்கிறான். அவன் சொன்ன யோசனை இதுதான்: நடையில் சொல்கிறதை வாய்விட்டுச் சொல், கண்ணை மூடிக்கொள், கை போகிற இடத்துக்குப் போகட்டும். விளையாட்டாகத்தான் சொன்னான். ஹிலரி கண்ணை மூடினாள்.

"இந்த வாசலைத் தாண்டும்போது எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கோங்க" என்று ஆரம்பித்தாள். பென்சில் நகர்ந்தது. வேலிக்குப் பக்கத்தில் பட்டால் அரிக்கும் நெட்டில் செடி இருக்கிறது, முழுக்கால்சட்டை போடாதவர்கள் விலகி வாருங்கள். பென்சில் விலகியது. இங்கே ஒரு நிமிடம் மூச்சு வாங்குவோம். திரும்பிப் பார்த்தால் மணிக்கூண்டு தெரியும். பென்சில் நின்றது. மரத்தின் இந்தப் பக்கம் வாருங்கள், வெயில் முகத்தில் அடிக்காது, மிஸ் டெவெரலும் காலையில்தான் போனார், அவரும் நிழல் பக்கமாகத்தான் போயிருப்பார். பென்சில் வளைந்தது. கண்ணைத் திறந்தபோது கோடு ஓக் மரத்தை வலப்புறமாகச் சுற்றி, ஓடைக்கரைக் குடிலைத் தொட்டிருந்தது.

"காலைல வலப்பக்கம்" என்றாள் ஹிலரி மெதுவாக. "குளிர்காலத்துல மதியம்தானே நடை. அப்ப நிழல் இடப்பக்கம்."

ஆகவே முதல் தாளும் சரி, இரண்டாம் தாளும் சரி. மரத்தைச் சுற்றி இரண்டு கோடும் போட்டாள். நோட்டில் இருந்து கோடைக்கும் குளிருக்கும் மாதங்களை எழுதினாள். அவள் அப்படித்தான், ஒரு கரண்டி உப்பைக்கூட இரண்டு தடவை அளக்கிறவள்.

மிச்சம் பதினான்காம் கேள்வி. "எழுதத்தான் போறேன்" என்றாள். கிளைவ் ஒரு துண்டு கேக் எடுத்துக்கொண்டான். எழுதுவதென்றால் வாசகம் அட்சரம் பிசகாமல் இருக்க வேண்டும். அவள் தோட்டத்துக் கொட்டகைக்குப் போனாள். வில்ஃப் காலிப் புட்டிகளைக் கழுவித் தேவாலய வாசல் திண்டில் வைத்துவிடுவார்; அந்த ஊரில் புட்டியைத் திருப்பித் தராதவன் மனுஷனில்லை. லேபிளை ஊறவைத்து உரித்துவிட்டு அடுத்த வருடத்துக்கு எடுத்துக்கொள்வாள். உரிக்காமல் விட்டது ஒன்று இருந்தது. அதற்குள் பீன்ஸ் விதை போட்டு வைத்திருந்தாள்.

தூசியைத் துடைத்தாள். ‘வில்ஃபுக்கு, பாதைக்கு நன்றி, ஹிலரி.’ அதில் ‘பாதைக்கு’ என்ற சொல்லின் குறுக்கே பென்சிலால் ஒரு கோடு. அளவுகோல் வைத்து அடித்ததுபோல நேரான கோடு.

அந்தக் கோடு அவளுக்குப் பழக்கமானதுதான், படிவத்தோடு சேர்த்து நினைத்துப் பார்த்ததில்லை. இந்தப் புட்டி மட்டுமல்ல. திரும்பி வந்த எல்லாப் புட்டியிலும் அந்தக் கோடு இருந்தது. முதல் வருடம் பார்த்தபோது, ஏதோ பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாள். கசப்புத் தூக்கலோ என்று அடுத்த வருடம் சர்க்கரையைக் கூட்டினாள். கோடு நிற்கவில்லை. அதற்கடுத்த வருடம் தோலை மெல்லிசாக அரிந்தாள். அப்போதும் கோடு. இருபத்துமூன்று வருடம் அவள் மார்மலேடைத் திருத்திக்கொண்டே வந்தாள். அவர் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். சந்தையில் பார்த்தால் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். "என்ன கண்ணு, நனைஞ்சிட்டியா" என்பார். அந்தக் கோடு எதற்கென்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. அந்த ஊரில் அப்படியெல்லாம் கேட்பதில்லை.

புட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கிளைவ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"பாதைக்கு எனக்கெதுக்கு நன்றி, அது என்னுது இல்லைங்கிறான்" என்றான். கொஞ்சம் கழித்து, "இல்லேன்னா, பாதையெல்லாம் நான் குடுக்கல, மார்மலேட் மட்டும் வாங்கிக்கிறேங்கிறான். வில்ஃப் எப்படிப்பட்டவன்னு உனக்குத் தெரியும்."

"ரெண்டுல எது?"

"எதுவா இருந்தா என்ன? ரெண்டுலயும் அனுமதி இல்லையே."

ஹிலரி உட்கார்ந்தாள். அவர் பெருந்தன்மையாகச் சொன்னாரா, கடுப்பில் சொன்னாரா? இத்தனை வருடம் சிநேகிதர் என்று நினைத்தவர் சிநேகிதர்தானா? அதைச் சொல்ல இப்போது ஆள் இல்லை. வழக்குக்கு அது தேவையும் இல்லை. அவளுக்குத்தான் தேவையாக இருந்தது. பேனாவை எடுத்தாள். ‘அனுமதி கேட்கவில்லை. வருடம் ஒரு புட்டி மார்மலேட் கொடுத்து, பாதைக்கு நன்றி என்று எழுதினேன். அவர் பாதைக்கு என்பதை ஒவ்வொரு முறையும் அடித்துவிட்டார். ஏன் என்று எனக்குத் தெரியாது. புட்டி இணைக்கப்பட்டுள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஆஷ்கிராஃப்டுக்கு ஒரு சீட்டு எழுதினாள்: சாவி வேண்டாம், மன்னிக்கவும். ‘மன்னிக்கவும்’ என்பதை அடித்துவிட்டு, பிறகு மனசு கேளாமல் மறுபடி எழுதினாள்.

வெள்ளிக்கிழமை கவுன்சில் அலுவலகம். ராவ்லின்ஸ் நின்றபடியே படிவத்தைப் படித்தார். இரண்டு கோட்டையும் விரலால் தொடர்ந்து பார்த்தார். பதினான்காம் கேள்வியில் வெகுநேரம் நின்றார். பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார், வைத்தார், வேறொன்றை எடுத்தார்.

"இருபத்தியேழு வருஷமா இந்த வேலை பாக்குறேன் மேடம். இந்த மாதிரி ஒரு சாட்சி வந்ததில்ல. இது உங்களுக்கு எதிரா போகுமா, சாதகமா போகுமான்னு எனக்கே புரியல. மேலதான் முடிவு பண்ணணும்."

"எனக்கும் புரியல. நடந்தது இதுதான்."

"புட்டிக்குள்ள இருக்கிறது?"

"பீன்ஸ் விதை."

விதைக்கு ரசீது போட முடியாது என்று வருத்தத்தோடு சொன்னார். ஹிலரி மூடியைத் திருகி, விதைகளை மழைக்கோட்டுப் பைக்குள் கொட்டிக்கொண்டாள். இரண்டு தரையில் உருண்டன. ராவ்லின்ஸ் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார். நன்றி என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லலாமா கூடாதா என்று ஒரு கணம் தயங்கி, லேபிள் அவர் பக்கம் தெரியும்படி திருப்பி, புட்டியை இரண்டு கையாலும் நீட்டினாள்.