மூச்சு ஊதக் கற்றுக்கொடுத்த கதை

சாகக் கிடப்பவனைப் பிழைக்கவைப்பது எப்படி என்று இலவசமாகச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. இலவசம் என்று சொல்லியும் ஆள் வராத ஒரே கூட்டம் எங்களுடையதுதான்.

வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிற பையன்கள் எங்கள் சங்கரன்கோவில் பக்கத்திலும் இருக்கிறார்கள். அளவு கூடினால் உதடு நீலம் பாரிக்கும், குறட்டை போல ஒரு சத்தம் வரும், அப்புறம் மூச்சு அடங்கும். உடனே நூற்றியெட்டைக் கூப்பிட்டு, வண்டி வரும்வரை வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே இருந்தால், ஆஸ்பத்திரியில் போதையை முறிக்கிற ஊசி போட்டு எழுப்பிவிடலாம். இவ்வளவுதான் பாடம். நர்ஸ் வேலையை விட்டபிறகு, ஒரு பொம்மையைத் தூக்கிக்கொண்டு இதை ஊர் ஊராகச் சொல்லிவருகிறேன். கூட்டம் போட்டுத் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசுகிற வேலை பார்க்கும் சக பாவிகளே, உங்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

ஆட்டு டாக்டர்

பனவடலிசத்திரம் தாண்டி ஒரு ஊர். சமுதாயக்கூடத்துச் சாவியைத் தரமாட்டேன் என்றார் அந்த ஊர்ப் பெரியவர். அந்தப் பழக்கம் உள்ளவன் அங்கே ஒருத்தன்கூடக் கிடையாதாம். கையோடு அவரைக் கூடத்துக்குப் பின்னால் உடைமரத்தடிக்குக் கூட்டிப்போனேன். ஊசிகளும் காலி மாத்திரை அட்டைகளும் காலில் இடறின. அவற்றைச் செருப்பால் ஓரமாக ஒதுக்கிவிட்டு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னார்:

"இது ஆட்டு டாக்டர் போட்டுட்டுப் போனது, நர்சம்மா. இங்கன ஆடுகளுக்குத்தான் சீக்கு."

பஸ் ஏறி வந்தவர்

மூன்று ஊர்க் கூட்டத்தில் ஒரே முகம். கடைசி வரிசை, மடியில் ஒரு துணிப்பை. தெருவுக்கு நாலு கோமதி இருக்கிற பக்கம் இது. அதனால் இவரையும் கோமதியம்மா என்றே வைத்துக்கொள்வோம். மேலநீலிதநல்லூரில் நான் பேசிய அன்றைக்கு இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

கூட்டம் கலைந்தபிறகு பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். மகனுக்கு இருபத்துமூன்று வயது. ஒருநாள் உதடு கறுத்து விழுந்து கிடந்திருக்கிறான். அன்றைக்கு எப்படியோ தானாகத் தெளிந்துவிட்டான். அடுத்த தடவை தெளியாவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவருடைய பயமெல்லாம். "போன மாசம் உங்க ஊர்லயே இதே வகுப்பு நடத்தினேனே, அங்க ஏன் வரல?" என்றேன்.

"அங்கன நான் வந்து உக்காந்தாலே போதும், சாயங்காலத்துக்குள்ள எம்மவ கல்யாணம் நின்னுபோகும்."

எந்தத் தெரு?

கரிவலம்வந்தநல்லூர் பக்கத்தில் அதிசயமாக முப்பது பேர் வந்துவிட்டார்கள். பொம்மையைப் படுக்கவைத்து, தலையைச் சாய்த்து, மூக்கைப் பிடித்து ஊதிக் காட்டினேன். அங்கேயும் வந்திருந்த கோமதியம்மா, பொம்மையின் நெஞ்சு ஏறுகிறதா என்று பார்த்துப் பார்த்து இருபது தடவை ஊதிப் பழகினார்.

முன்வரிசையில் வெள்ளை வேட்டி ஒருவர். அவரும் ஒரு தடவை நன்றாகவே ஊதினார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நாளைக்கு உங்க கண்ணு முன்னால ஒரு பையன் விழுந்தா இதே மாதிரி செய்யணும், அண்ணாச்சி" என்றேன். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"பொம்மைன்னா ஊதிரலாம். ஆளுன்னா, எந்தத் தெருப் பயன்னு பாக்கணும்லா?"

பயம் வரவேண்டுமாம்

இன்னொரு கூட்டத்துக்குத் தலைமை தாங்க ஒரு அதிகாரி வந்தார். பொன்னாடையை வாங்கிக்கொண்டு, காப்பாற்றச் சொல்லிக்கொடுத்தால் பையன்களுக்குத் தைரியம் வந்துவிடும், ஒருத்தன் செத்தால்தான் மற்றவனுக்குப் புத்தி வரும் என்று மைக்கில் முழங்கினார். கைதட்டல் வேறு. எனக்கு உச்சி முதல் உள்ளங்கால்வரை எரிந்தது. மைக்கை வாங்கி, "அந்த ஒருத்தன் யார் வீட்டுப் பிள்ளையா இருக்கலாம், நீங்களே சொல்லுங்க சார்" என்று கேட்டேவிட்டேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அடுத்த ஃபங்ஷனுக்கு நேரமாச்சு, மேடம்."

காபி வேளை

ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. கோமதியம்மா வீட்டு முன்னறையில் மாப்பிள்ளை வீட்டார் நாள் குறிக்க வந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னறையில் மகன் மூச்சு அடங்கிக் கிடந்தான். முதலில் பார்த்தது கொழுந்தன். அவர் கதவைச் சாத்திவிட்டு முகத்தில் தண்ணீர் தெளித்திருக்கிறார். நூற்றியெட்டு வந்தால் தெருவே கூடிவிடும் என்று கோமதியம்மாவின் போனைப் பிடுங்கவும் பார்த்திருக்கிறார். அந்த அம்மா அவரைத் தள்ளிவிட்டுப் போன் போட்டார். உடனே மகன் பக்கத்தில் உட்கார்ந்து ஊத ஆரம்பித்தார். கல்யாணப்பெண் பட்டுச்சேலையோடு மாப்பிள்ளை வீட்டாரைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு ஓடி, வண்டிக்குக் கைகாட்டிக் கூட்டிவந்தாள். அதுவரை அம்மா ஊதுவதை நிறுத்தவே இல்லை.

பையன் பிழைத்துக்கொண்டான். கல்யாணம் நின்றுபோனது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மகன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான், பக்கத்தில் கோமதியம்மா உதடு வெடித்து வீங்கி உட்கார்ந்திருந்தார். கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று கிட்டே போவதற்குள், கட்டில் கால்மாட்டில் நின்ற கொழுந்தன் ரொம்பப் பொறுப்பான குரலில் சொன்னார்:

"அவுக காபியக் குடிச்சிட்டுக் கிளம்புத வரைக்கும் கொஞ்சம் பொறுத்து ஊதியிருக்கலாம்லா, மயினி?"

மூச்சு நின்றால் சில நிமிஷத்தில் மூளை செத்துப்போகும் என்று எங்கள் பாடத்தில் இருக்கிறது. மூச்சு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அது செத்துப்போனவர்களுக்கு என்ன முதலுதவி என்பதுதான் இல்லை.