மலைக்கோயிலில் எடுத்த திருநீறு

இது நடந்தது. நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. இதைச் சொன்னால் என் வெட்கத்தையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அதனால்தான் ஐந்து வருடம் வாயைத் திறக்கவில்லை.

2013 பெப்ரவரி. மகன் கரிகாலனும் மருமகள் ஆரெலியும் என்னைத் தாய்லாந்துக்குக் கூட்டிப்போனார்கள். நாங்கள் குடியிருக்கும் லா சப்பலில் எனக்குக் கீழ்மாடியில் இருக்கும் கலாவதிக்கு அப்போது வயிற்றில் கட்டி. நாங்கள் திரும்பி வந்த மறுநாள் ஒப்பரேசன். வெளிக்கிடும்போது அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"அக்கா, எந்தக் கோயிலெண்டாலும் பரவாயில்லை. ஒரு கிள்ளுத் திருநூறு கொண்டு வாங்கோ."

போன இடமெல்லாம் புத்தர் கோயில். பூத் தந்தார்கள், கையில் நூல் கட்டினார்கள். திருநீறு எங்கும் இல்லை. கடைசி நாள் ஒரு மலைக்கோயில். உச்சியில் நின்றால் கடலும் தீவுகளும் தெரியுமாம். இருநூற்றுப் பதினாலு படி. பாதியில் ஆரெலிக்குக் கால் பிடித்தது. மகன் அவளோடு நின்றுவிட்டான். நான் தனியே ஏறினேன்.

மேலே போனபோது பின்னேரம் 4.50. ஒரு சனமில்லை. கடல் வடிவாகத்தான் இருந்தது... கூரை விளிம்பில் சின்ன மணிகள். காற்றில் ஆடின. சத்தம் மட்டும் வரவில்லை.

பின்பக்கம் வெள்ளைச் சுவர். அதில் வரிசையாகச் சின்ன மாடங்கள். சாமி மாடங்கள் என்று நினைத்தேன். கடலைப் பார்த்த மாடம் ஒன்று திறந்து கிடந்தது. உள்ளே பித்தளைச் செம்பு. அதற்குள் சாம்பல். கலாவதிக்குக் காட்ட ஒரு படமும் எடுத்தேன்.

அப்போதுதான் கண்டேன். கட்டைச் சுவரில் ஒரு பெண், எனக்கு முதுகு காட்டி இருந்தாள். தலைமயிர் ஈரம்.

"எடுக்கலாமோ?" என்றேன், தமிழில்தான்.

திரும்பாமலே தலையாட்டினாள். இல்லை என்று.

எனக்கு விளங்கியது. விளங்காதவள் போல எடுத்தேன்.

நெற்றியில் பூசினேன். ஒரு பிடியைக் கைலேஞ்சித் துணியில் முடிந்தேன். நிமிர்ந்தால் அவள் இல்லை. இருந்த இடம் மட்டும் ஈரம்.

மணிகள் கேட்டன... எல்லாம் ஒன்றாக. காற்று நின்றிருந்தது.

4.58. இறங்கினேன்.

"ஆரம்மா அந்த மனிசி?" என்றான் மகன்.

"எந்த மனிசி?"

"உங்களுக்குப் பின்னாலை வந்தவ."

திரும்பிப் பார்த்தேன். வெறும் படி.

ஒப்பரேசன் அன்று காலை ஆறரைக்குக் கலாவதி அதை நெற்றியில் பூசி, எங்கள் வழக்கப்படி ஒரு கிள்ளு வாயிலும் போட்டாள்.

"நறநறக்குது அக்கா. என்ன சாமி?"

"மலைச்சாமி," என்றேன்.

அவள் பிழைத்து வந்தாள். என்னுடைய சாமி டொக்டரை விடக் கெட்டிக்காரன் என்று பக்கத்து வீட்டு ஞானசுந்தரம் அண்ணை பகிடி விட்டார். நானும் சிரித்தேன். மிச்சச் சாம்பலை ஒருவருக்கும் சொல்லாமல் அலமாரிக்குள் பூட்டி வைத்தேன்.

ஆனால் கலாவதி... அதிலிருந்து தினமும் பின்னேரம் 4.50 ஆனால் ஜன்னலடியில் போய் இருப்பாள். எனக்கு முதுகு காட்டி. வெளியே எதிர்க் கட்டடத்தின் சுவர்தான்.

"என்னடி பாக்கிறாய்?"

"கடல்."

தலைமயிர் ஈரம்.

போன மாதம் ஆரெலி என் படத்தைத் தன் தாய்லாந்துத் தோழிக்குக் காட்டினாள். மாடத்தின் கீழே இருந்த எழுத்தை அவள் வாசித்தாளாம். செத்தவர்களின் சாம்பல் வைக்கும் இடம் அது. கடலில் மூழ்கிய ஒரு பெண். உடலைத் தேடி எடுக்க எட்டு நாள். கடைசி வரி, "இனியாவது சிதறாமல் இருக்கட்டும்."

அன்றே கலாவதியிடம் உண்மையைச் சொல்லக் கீழே இறங்கினேன். 4.50.

வாயைத் திறக்கமுதல், திரும்பாமலே கையை நீட்டினாள்.

"மிச்சத்தையும் தா."

அக்கா என்று சொல்லவில்லை.

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

அவளுக்கு விளங்கியது.

மேலே ஓடினேன். அலமாரி பூட்டியபடி. கைலேஞ்சி முடிந்தபடி... நனைந்திருந்தது.

அவிழ்த்தேன்.

ஒன்றுமில்லை.

சொல்லப் போனதை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் கேட்க, அந்த வீட்டில் கலாவதி இருக்கிறாளா என்றும் தெரியவில்லை.