இட்லி அடுப்பும் இடுப்பு பெல்ட்டும்

குழந்தை சாமான் வியாபாரத்தில் ஒரு கஷ்டம் உண்டு: நாற்காலியில் உட்காரப்போகிறவர் வாயே திறக்கமாட்டார், கூட வருகிற அத்தனை பேரும் திறப்பார்கள். கடை வைத்திருக்கிறவர்களே, உங்களுக்குத் தெரியாததா? மும்பை தாராவியில் என் கடைக்கு ஹை சேர், அதாவது குழந்தையை உட்காரவைத்துச் சோறூட்டுகிற உயர நாற்காலி, வாங்க வந்தவர்களைப் பற்றிக் கொஞ்சம் கேளுங்கள்.

அரிசிப் பை

ரிடையரான ஆபீஸ்காரர் ஒருவர் பேத்திக்கு நாற்காலி பார்க்க மாட்டுங்காவிலிருந்து வந்தார். கையில் பத்து கிலோ அரிசிப் பை. அதை நாற்காலியில் உட்காரவைத்து, பெல்ட் போட்டு, முன்னும் பின்னும் ஆட்டினார். முதல் நாற்காலி சாய்ந்தது. அடுத்ததும் சாய்ந்தது. கால் அகலமாக விரிந்த ஒன்றுதான் அசையாமல் நின்றது. தெருவே கூடிவிட்டது. அரிசியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது சொன்னார்: "இது சமத்தா உக்காந்துடுத்து. எங்காத்து ராஜாத்தி உக்காருவாளான்னு கேட்டுண்டு வரேன்."

முந்தானை முடிச்சு

இசக்கியம்மாள் கதை வேறு. எங்கள் சந்தில்தான் ஒற்றை அறை வீடு. அவளும் நாத்தனார் பேச்சியம்மாளும் இட்லி அவிப்பார்கள்; புருஷன் சைக்கிளில் கொண்டுபோய் விற்பான். அடுப்பு தரையில். பையன் தவழ ஆரம்பித்ததும் நேரே அங்கேதான் போகிறான். ஒருநாள் கொதிக்கிற இட்லிக் கொப்பரைமேல் கை வைக்கப்போனவனைக் காலைப் பிடித்து இழுத்திருக்கிறாள். மறுநாளே புருஷனோடு கடையில் நின்றாள்.

புருஷனுக்குப் பாட்டுப் பாடுகிற, சக்கரம் வைத்த சேர்தான் பிடித்தது. "ஏக்தம் மஸ்த், அண்ணாச்சி!" என்று இந்தியில் மெச்சினான். அவளோ அடுப்புக்கு எட்டாத மூலையை முந்தானையால் அளந்து, முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஒவ்வொரு நாற்காலியாக அளந்தாள். மடக்கிச் சுவரில் சாய்க்கிற சேர் ஒன்றுதான் முடிச்சுக்குள் அடங்கியது. புருஷன் முகம் சுருங்கியதைப் பார்த்துச் சொன்னாள்: "பாட்டு வேணும்னா நீங்க பாடுங்க. சக்கரம் இருந்தா இவன் சேரையும் ஓட்டிக்கிட்டுல்லா அடுப்புக்குப் போவான்!"

கழற்றிய பெல்ட்

ஒரு வாரம் போயிருக்கும். பேச்சியம்மாள் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று வந்தார். இன்னொரு கையில் சேரிலிருந்து கழற்றிய பெல்ட். பின்னாலேயே இசக்கியம்மாள் நாற்காலியோடு. பெல்ட்டை மேஜைமேல் போட்டு ஒரு சத்தம்: "எங்க மருமவன் என்ன ஆட்டுக்குட்டியா, கெட்டிப் போட? பெல்ட் இல்லாத சேரா மாத்திக் குடுங்க அண்ணாச்சி!"

வழுக்கல்

நான் பதில் சொல்லுமுன் பையனைப் பெல்ட் இல்லாமல் உட்காரவைத்து, சோற்றுக்கிண்ணம் வைக்கிற முன்பலகையை மாட்டிவிட்டு, எங்களைப் பார்த்துச் சிரித்தார். பையனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே கீழே வழுக்கினான். வயிறு போனது, நெஞ்சு போனது, பலகை கழுத்துக்கிட்டே வந்துவிட்டது. இசக்கியம்மாள் அலறினாள். பேச்சியம்மாள் குனிந்து, பையனின் அரைஞாண் கயிற்றை எட்டிப் பிடித்துக்கொண்டார். நான் பலகையைப் பிடுங்கினேன். அவன் இன்னொரு தடவை போகலாமா என்கிற மாதிரி கைகொட்டினான். இசக்கியம்மாள் அவனை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

மூச்சு வந்ததும் இசக்கியம்மாள் கேட்டாள், "மதினி, அவன் இடுப்புல நீங்க கெட்டிவிட்டது மட்டும் கயிறு இல்லையாக்கும்?"

பேச்சியம்மாள் முறைத்தார். பெல்ட்டை எடுத்து என் கையில் திணித்தார்: "அது கண்ணேறுக்கு. இது அடுப்புக்கு. மாட்டுங்க அண்ணாச்சி, என்ன பாத்துக்கிட்டு நிக்கிய!"

இப்போது பெல்ட் போடச் சொல்லி என் வாடிக்கைக்காரர்களை அதட்டுகிற வேலையைப் பேச்சியம்மாளே எடுத்துக்கொண்டுவிட்டார், விலையைச் சொல்லித் திட்டு வாங்குகிற வேலை மட்டும்தான் எனக்கு மிச்சம்.